பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு மிக்-21

நாற்பது ஆண்டுகளாகப் பரணில் கிடந்த பிளாஸ்டிக் விமானத்தை மீண்டும் கையில் எடுத்தபோது வடசென்னையின் பட்டறைகள் கற்றுக்கொடுத்தவை

2025 செப்டம்பர் 26. சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு விமானப்படை விடைகொடுத்துக்கொண்டிருந்தது. தளபதி ஏ.பி. சிங் தாமே ஒன்றை ஓட்டினார். தரைக்கு வந்த விமானங்கள்மீது தண்ணீரைப் பீய்ச்சி மரியாதை செய்தார்கள். மூலக்கொத்தளத்தில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சட்டென்று திரும்பிக் கேட்டார்: “ஏண்டா, உன் மாமா வாங்கிக் குடுத்தாரே, பரண்ல கெடக்கே, அது இந்த பிளேன்தானே?”

அதேதான். அன்று இரவே ஏணி போட்டு இறக்கினேன். துருப்பிடித்த பிஸ்கட் டப்பா. உள்ளே இரண்டு துண்டாக ஒட்டிய உடல், ஒரு பக்கம் மட்டும் பொருத்திய இறக்கை, பசை படிந்து கண்ணில் புரை விழுந்ததுபோல மங்கிய விமானிக் கூண்டு. சக்கரங்கள் ஒரு பழைய தீப்பெட்டியில் தனியாக இருந்தன. விரல் நீளம்கூட இல்லாத விமானி பொம்மைக்கு நான் பூசிய ஊதா நிறம் மட்டும் மங்காமல் இருந்தது.

1985 தொடக்கத்தில் மாமா அதை மூர் மார்க்கெட்டில் வாங்கினார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் தகட்டு வேலை செய்தவர் அவர். ரிவெட் அடிக்கும் ஆளாகச் சேர்ந்து பிறகு வெல்டிங்குக்கு மாறியவர். பழைய புத்தகங்களுக்கும் கிராமபோன் தட்டுகளுக்கும் நடுவே மேல்மூடி இல்லாத பெட்டியாக அது கிடந்ததாம். அந்த ஆண்டு மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்து சாம்பலானது. பாதி ஒட்டிய விமானத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் புகை ஞாபகம் வந்து, நான் அதற்குமேல் அதைத் தொடவில்லை.

இப்போது தொட்டேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. பழைய பிளாஸ்டிக் கிட் ஒன்றைப் புதிய உத்திகளால் சீர்செய்வது தனிமனிதப் பொழுதுபோக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வேலையில் இறங்கிய பிறகுதான், எனக்குத் தெரியாத ஒவ்வொன்றும் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருப்பதைக் கண்டேன்.

எழுபத்திரண்டில் ஒரு பங்கு

பெரும்பாலான சிறிய மாடல் விமானங்கள் 1:72 அளவில் வருகின்றன. ஆறு அடி ஒரு அங்குலமாகச் சுருங்கும் கணக்கு அது. அதாவது ஓர் ஆள் ஓர் அங்குலம். பிரிட்டனில் ‘ஃப்ராக்’ கம்பெனி 1936-ல் ‘பெங்குவின்’ என்ற பெயரில் பிளாஸ்டிக் கிட்டுகளை இந்த அளவில்தான் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது எதிரி விமானத்தைக் கண்ட மாத்திரத்தில் இனம்காணப் பழக்குவதற்கு இதே அளவில் மாடல்கள் தேவைப்பட்டன. 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர மாடல்களைச் செய்துதரக் கேட்டது. போருக்குப் பிறகு, சீப்பு அச்சடித்துக்கொண்டிருந்த ‘ஏர்ஃபிக்ஸ்’ கம்பெனி 1950-களில் கிட்டுகளை மலிவாகக் கடைக்குக் கொண்டுவந்தது. உலகம் முழுக்கச் சிறுவர்களின் மேசையில் விமானங்கள் வந்து நின்றன.

இந்த அளவுக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பழைய கிட்டைப் பார்த்தால் அதன் குறை உடனே தெரியும். என் மிக்-21-இன் இறக்கைப் பின்விளிம்பு ஒரு மில்லிமீட்டர் தடிமன். நிஜ விமானத்தில் அது ஏழு சென்டிமீட்டர் தடித்த விளிம்பு! உண்மையில் அங்கே கத்தி முனைபோல இருக்க வேண்டும். தகடுகள் சேரும் இடத்தைக் காட்ட அந்தக் காலத்து அச்சில் மேடான கோடுகளும் குமிழ் குமிழாக ரிவெட்டுகளும் வைத்திருப்பார்கள். எஃகு அச்சில் பள்ளம் வெட்டுவது சுலபம். அது பிளாஸ்டிக்கில் மேடாக வரும். பிளாஸ்டிக்கில் பள்ளக் கோடு வேண்டுமென்றால் அச்சில் மெல்லிய மேட்டை விட்டுவைத்து மற்ற எல்லாவற்றையும் செதுக்கி எடுக்க வேண்டும். அன்று அதற்கு ஆகும் செலவு அதிகம். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தில் ரிவெட்டுகள் தகட்டோடு தகடாகப் படிந்திருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் குமிழ்களைத்தான் வைத்தார்கள்.

பெட்டிக்குள் இருந்தது மிக்-21-இன் தொடக்க கால வடிவமான எஃப்-13. இது எனக்குப் பெரிய அதிர்ஷ்டம். 1963-ல் சண்டிகரில் 28-ஆவது படைப்பிரிவுக்கு முதலில் வந்தவை இந்த ரகம்தான். அன்று அவை வண்ணம் பூசாமல், அலுமினிய உடம்பு பளபளக்க நின்றன. பிறகு எஃப்.எல்., எம், பிஸ் என்று நாசிக்கில் கட்டப்பட்டவை, இறுதியில் பைசன். 870-க்கும் மேற்பட்ட மிக்-21-களை நம் விமானப்படை பயன்படுத்தியிருக்கிறது. 1971 டிசம்பர் 14-ஆம் தேதி டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கியவை அவை. பயிற்சியிலும் பணியிலும் விபத்துக்குள்ளாகி இளம் விமானிகள் பலரைப் பறிகொடுத்ததும் அவற்றில்தான். விடைகொடுத்த நாளில் தொலைக்காட்சியின் முன் எத்தனையோ வீடுகளில் பெருமையும் அழுகையும் ஒன்றாக இருந்திருக்கும்.

பைசனைப் பற்றி ஒரு வார்த்தை. 1990-களில் புது விமானம் வருவது தாமதமானபோது, 125 மிக்-21 பிஸ் விமானங்களை எடுத்துப் புது ரேடார், புது ஏவுகணைகள், விமானியின் கண்ணுக்கு நேரே தகவல் காட்டும் திரை எல்லாம் பொருத்தினார்கள். பழைய எலும்புக்கூட்டுக்குப் புது நரம்பு. எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. திருவொற்றியூரில் 1955-இலிருந்து புல்லட் மோட்டார் சைக்கிள் கட்டப்பட்டது. அதைப் பெற்றெடுத்த பிரிட்டிஷ் கம்பெனி 1970 வாக்கில் மூடியே போனது. புல்லட் இங்கே உருண்டுகொண்டே இருந்தது. எஞ்சின் மாறியது, மின்சாரம் மாறியது, பெட்ரோல் டாங்கில் கையாலேயே இழுக்கும் பொன்னிறக் கோடு மாறவில்லை. இந்த மண்ணில் பிறந்தவனுக்குப் பழையதைத் தூக்கிப்போட மனம் வராது.

பிரேக் ஆயிலும் பிரீசரும்

முதல் வேலை, 1985-இல் நான் செய்ததையெல்லாம் கலைப்பது. கட்டிகட்டியாகப் பூசிய எனாமல் பெயின்ட்டை எடுக்கத் தின்னர் ஊற்றக் கூடாது. பன்னிரண்டு வயதில் அதைச் செய்து, உதிரித் துண்டு ஒன்று கையில் ஜவ்வாக ஒட்டியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிட்டுகள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். லாக்கர் தின்னர் பட்டால் கரைந்துவிடும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், பாலிஸ்டைரீனைத் தொடாது. ஒரு மூடிபோட்ட டப்பாவில் ஊற்றி, கண்ணாடிபோன்ற பாகத்தை மட்டும் தனியே வைத்துவிட்டு, மற்றதை இரண்டு நாள் ஊறவிட்டேன். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் பெயின்ட் தோல்தோலாக உரிந்தது. கையுறை கட்டாயம் வேண்டும்.

ஒட்டியதைப் பிரிப்பது அடுத்தது. டியூப் பசையால் ஒட்டிய இடத்தை ஓர் இரவு பிரீசரில் வைத்தால் பழைய இணைப்பு மொறுமொறுப்பாகும். மெல்லிய பிளேடை உள்ளே விட்டு நெம்பினால் விடும். உடம்பு அப்படிப் பிரிந்தது. இறக்கை பிரியவில்லை. அங்கே அன்று பசையை அள்ளிப் பூசியிருந்தேன். இரண்டு பிளாஸ்டிக்கும் உருகி ஒன்றாகியிருந்தன. நகை வேலைக்கு வைத்திருக்கும் நூல்போன்ற ரம்பத்தால் ஒட்டுக்கோட்டிலேயே அறுத்து எடுத்தேன். அரை நாள் ஆனது.

இன்றைய பசை தண்ணீர்போல இருக்கிறது. இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூடியிலேயே இருக்கும் மெல்லிய பிரஷ்ஷால் விளிம்பைத் தொட்டால் போதும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இடுக்கு முழுக்க ஓடிவிடும். லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மயிரிழைபோல வெளியே பிதுங்கும். காய்ந்ததும் சீவிவிட்டால் இணைப்பு இருந்த இடமே தெரியாது. நாற்பது ஆண்டுகளில் இந்தக் கலையில் வந்த மாற்றங்களில் மிகப் பெரியது என்று இதைத்தான் நான் சொல்வேன்.

மிக்-21 மாடலுக்குப் பின்பாரம் அதிகம். மூக்கில் எடை வைக்காவிட்டால் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு நான்கு வாங்கிச் சுத்தியால் தட்டி, காற்று உள்வாங்கும் வாய்க்கு நடுவே இருக்கும் கூம்புக்குள் திணித்தேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர் காசு வாங்க மறுத்தார்.

பட்டி பார்ப்பது

மேட்டுக் கோடுகளைத் தேய்த்துவிட்டு, அதே இடத்தில் பள்ளக் கோடு கீறுவதுதான் பழைய கிட்டைச் சீர்செய்பவர்களின் தலையாய வேலை. எழுத்தெழுத்தாக அச்சிடும் பழைய லேபிள் டேப் கெட்டியானது. அதை உடம்பின் வளைவோடு ஒட்டி அளவுகோலாக வைத்துக்கொண்டு ஊசிமுனையால் மெதுவாக இழுக்க வேண்டும். முதல் இழுப்பில் அழுத்தவே கூடாது, பிளாஸ்டிக்குக்கு வழி காட்டினால் போதும். ஐந்தாவது ஆறாவது இழுப்பில் பள்ளம் விழும். கை வழுக்கினால் அந்தக் கீறலைப் பட்டி வைத்து அடைத்து, காயவைத்து, தேய்த்து, திரும்பக் கீற வேண்டும். என் கை பதினோரு முறை வழுக்கியது.

பட்டி என்றால் லாரிக்குப் பூசும் அதே என்.சி. பட்டிதான். அதிலும் தின்னர் இருப்பதால் தடிமனாக வைத்தால் அடியில் உள்ள பிளாஸ்டிக் இளகிப் பள்ளமாகிவிடும். பேசின் பிரிட்ஜ் பக்கம் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இறக்கையை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தார். “ஒரே தடவைல அப்பிட்டீங்க சார். காயிதம் மாதிரி வையுங்க, காயட்டும், மறுபடி வையுங்க. மேல சர்பேசர் ஒரு கை ஓட்டுங்க, எங்க தப்புன்னு அதுவே சொல்லும்.” சாம்பல் நிற சர்பேசர் அடித்ததும் நான் கண்ணால் காணாத கீறல்கள் எல்லாம் மை வைத்ததுபோலத் தெரிந்தன. வெளிநாட்டு மாடல்காரர்கள் தனிப் புட்டியில் விலை கொடுத்து வாங்கும் முறையும் இதுதான். அடிப்படையில் வண்டிப் பட்டறையின் அறிவு அது.

நானூறில் தொடங்கி எண்ணூறு, ஆயிரத்து இருநூறு, இரண்டாயிரம் என்று வாட்டர் பேப்பரை மாற்றிக்கொண்டே போக வேண்டும். அலுமினிய நிறம் எந்தக் கீறலையும் மன்னிக்காது. கடைசியில் ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்தேன். விமானிக் கூண்டையும் அப்படியே தேய்த்து, தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷில் முக்கி எடுத்து, தூசு படாமல் ஒரு கிண்ணத்தால் மூடிவைத்தேன். மறுநாள் புரை நீங்கியிருந்தது. சட்டென்று பிடிக்கும் பசையைக் கூண்டின் பக்கமே கொண்டுவரக் கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். குற்றம் நடந்த இடத்தில் கைரேகையைத் துலக்கப் போலீசார் பயன்படுத்துவதும் அதே ஆவியைத்தான். கூண்டை ஒட்ட வெள்ளை ஃபெவிகால் போதும். காய்ந்தால் நிறமே இருக்காது.

விமானி உட்கார கிட்டில் இருந்தது ஒரு முளை மட்டும். இருக்கை, கருவிப் பலகை எதுவும் கிடையாது. இதற்கு இன்று முப்பரிமாண அச்சு இருக்கிறது. கெட்டியான திரவப் பிசினை ஊதா ஒளியால் அடுக்கடுக்காக இறுகவைக்கும் எந்திரம். ஓர் அடுக்கு 0.05 மில்லிமீட்டர். எழுபத்திரண்டால் பெருக்கினால் நிஜ அளவில் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. இருக்கையின் வார்ப்பட்டைக் கொக்கிகூடத் தெரிகிறது. பொறியியல் படிக்கும் அக்கா மகன், நான் கொடுத்த படங்களை வைத்துக் கணினியில் இருக்கையை வரைந்து அச்சிட்டுத் தந்தான். ஆல்கஹாலில் கழுவி, மறுபடி ஒளியில் காட்டி எடுத்தபோது பெருவிரல் நகத்தளவில் முழுமையான இருக்கை. “மாமா, நாலு தடவ பெயிலாச்சு, இது அஞ்சாவது” என்று கையில் வைத்தான்.

1910-இல் ஜியாகோமோ டாஞ்செலிஸ் என்ற ஓட்டல்காரர் மெட்ராஸில் விமானம் பறக்கவிட்டபோது, அதைக் கட்டித்தந்தது மவுண்ட் ரோட்டில் குதிரை வண்டி செய்துவந்த சிம்ப்சன் கம்பெனி. விமானம் கட்டுவதற்கு அவர்களுக்கு முன்பழக்கம் ஏது? மரமும் துணியும் தெரியும், கை தெரியும். தெரியாததைத் தெரிந்த கையால் செய்துபார்ப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.

கடற்காற்றும் ஸ்டிக்கர் கடையும்

வெள்ளி நிறத்துக்கு இன்று மாடல்காரர்கள் செய்வது இது: முதலில் கண்ணாடிபோலப் பளபளக்கும் கறுப்பு, அதன்மேல் ஆவிபோல மெல்லிய அலுமினிய லாக்கர். அடியில் கறுப்பு இருந்தால்தான் மேலே உலோகம் ஒளிவிடும். ஏர்பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மாலையில் மொட்டை மாடிக்குப் போனேன். ஐந்து நிமிடத்தில் கறுப்பு முழுக்க வெள்ளைப் பனி படர்ந்தது. லாக்கர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும். கடற்காற்றின் ஈரம் அந்தக் குளிர்ச்சியில் நீராகப் படிந்து வண்ணத்துக்குள் மாட்டிக்கொள்ளும். லாரிப் பெரியவர் சிரிக்கவில்லை. “சாயங்காலம் காத்து திரும்புனா நாங்க அடிக்கவே மாட்டோம் சார். காலைல பத்து மணிக்கு மேல, வெயில் ஏறட்டும். மெதுவா காயற தின்னர் கேட்டு வாங்குங்க.” அப்படியே செய்தேன். தகடுக்குத் தகடு வெள்ளியின் சாயலைக் கொஞ்சம் மாற்றி அடித்தேன். எஞ்சின் பக்கம் சூட்டில் பழுத்ததுபோல ஒரு துளி பழுப்பு. எழுபத்தைந்து ரூபாய்ச் சாமான்போல இருந்தது நிஜ உலோகம்போல ஆனது.

அடுத்து விமானப்படையின் வட்டச் சின்னம்: நடுவில் பச்சை, சுற்றி வெள்ளை, வெளியே காவி. பெட்டியில் வந்த ஒட்டுப்படம் மஞ்சளாகி, தண்ணீரில் போட்டதும் நொறுங்கியது. வீட்டுப் பிரின்டரால் வெள்ளை நிறத்தை அச்சிட முடியாது. ஆகவே அச்சையே விட்டுவிட்டு, வட்டத்தை வண்ணமாக அடிக்க முடிவுசெய்தேன். பைக் நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையில் இருக்கும் எந்திரம் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்டத்தையும் துல்லியமாக வெட்டும். “எந்த வண்டிக்குண்ணா?” என்று கேட்ட பையன், விமானத்தைக் காட்டியதும் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். வட்டத்துக்குள் வட்டமாக வெட்டிக்கொடுத்தான். ஸ்டிக்கரை நேராக ஒட்டினால் கழற்றும்போது வெள்ளியும் உரிந்துவரும். வேட்டித் துணியில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்த பிறகே வைக்க வேண்டும். முதலில் வெள்ளை, பிறகு நடுவை மட்டும் திறந்து பச்சை, பிறகு ஓரத்தைத் திறந்து காவி. ஸ்டிக்கரை உரித்த அந்த நொடிக்காகவே இத்தனை மாத வேலையையும் இன்னொரு முறை செய்யலாம்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் புது கிட் வாங்கலாமே என்று பலர் கேட்டார்கள். செக் நாட்டு எடுவார்ட் போன்ற கம்பெனிகள் இன்று செய்யும் மிக்-21 கிட்டுகளில் நான் கீறிய கோடுகள் எல்லாம் அச்சிலேயே வருகின்றன, உண்மை. ஆனால் சுங்கத் தலைப்பு 9503-இல் பொம்மைகளோடு மாடல் கிட்டும் சேர்ந்தே வருகிறது. பொம்மை இறக்குமதி வரி 2020-இல் இருபதிலிருந்து அறுபது சதவீதமாகவும், 2023-இல் எழுபதாகவும் உயர்ந்தது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்கும் அந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. மட்டமான பொம்மைகள் குழந்தைகள் கையில் குவிந்ததை நானும் பார்த்தவன். ஆனால் கிட் செய்யும் தொழில் இங்கே வளரவும் யாராவது வழிசெய்ய வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்த ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றில் ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கிறது. நம் கைகளால் அச்சடிக்க முடிகிறது என்றால், மருத், நாட், தேஜஸ் போர் விமானங்கள் நம் பெயரிலேயே ஏன் பெட்டியில் வரக் கூடாது? அம்பத்தூரிலும் திருவொற்றியூரிலும் டை வெட்டும் பட்டறைகளுக்கு இதைச் செய்யத் தெரியாதென்று என்னால் நம்ப முடியவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி தன் கைக்கு எட்டாத கனவாக அல்லாமல், உண்டியல் காசில் வாங்குகிற பொருளாக அது இருக்க வேண்டும்.

மாமாவின் விரல்

வேலை முடிந்ததும் ராயபுரத்தில் மாமா வீட்டுக்கு எடுத்துப்போனேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. விமானத்தை உள்ளங்கையில் வைத்தேன். முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரலை மூக்கிலிருந்து வால்வரை ஒரு முறை மெதுவாக ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார்.

“ரிவெட்டு எங்கடா மாப்ள?”

தேய்த்துவிட்டேன் என்று சொல்ல நா எழவில்லை. நிஜ விமானத்தில் குமிழ் தெரியாது மாமா, தகட்டோடு படிஞ்சிருக்கும் என்றேன். தலையை ஆட்டினார். “தெரியும்டா. பறக்கிறதுக்கு அப்படித்தான் அடிப்பாங்க. அந்தக் கடையில இத எடுத்ததே இந்த வரிசையைப் பார்த்துத்தான். எவனோ குந்தி ஒண்ணொண்ணா வெச்சிருக்கான் பாருன்னு.”

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பெட்டியைத் திறந்த அன்றே எனக்கும் அந்த வரிசையை முழுக்க அழிக்க மனம் வரவில்லை. மாடலைச் சீர்செய்வதில் தேர்ந்தவர்கள் இதைக் குறையென்றே சொல்வார்கள். விமானத்தைத் திருப்பி, வயிற்றுப் பக்கத்தை அவர் விரலடியில் வைத்தேன். சக்கரக் கதவுகளுக்குப் பின்னால், இரண்டு வரிசை, அச்சில் வந்தபடியே, வெள்ளி பூசிய குமிழ்கள்.

மாமா பேசவில்லை. விரல் நகர்ந்துகொண்டிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.